பக்கத்து லைன் சிக்னல்

கள்ளிக்குப்பம்
9 மார்ச் 2025

என் அருமை அன்னத்துக்கு,

"எதுவா இருந்தாலும் எயுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதோடு விட்டாயா? என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். சரி, இதோ எழுதிக் கொடுக்கிறேன். சிகப்பு சிக்னலில் நிற்கிற ரயிலை நகர்த்த ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் அனுமதி தரவேண்டும், வாயால் சொன்னது செல்லாது என்று பயிற்சியில் நம் மண்டையில் ஏற்றினார்களே, அதை நீ சிநேகிதியின் உடம்புக்கும் பொருத்திப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. ரயில் கார்டு என்றால் உன்னைப் போல இருக்க வேண்டும்! நாளைக்கு டூட்டிக்குப் போகும் பக்கத்துத் தெரு வினோத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆவடியில் நீ கையெழுத்துப் போட வரும்போது தருவான்.

முதலில் நல்ல செய்தி. கடைசி கீமோ முடிந்துவிட்டது! இளங்கோ அன்றைக்குத் தெருமுனைக் கடையில் ஜாங்கிரி வாங்கிவந்தார். எனக்கு ருசி தெரியவில்லை, வெறும் ரப்பர் மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டு தின்றேன். தலையில் முடி மறுபடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது, தடவிப் பார்த்தால் புது பிரஷ் போலக் குத்துகிறது. ஸ்வாதி பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போகிறாள்.

அடுத்து, நீ பாதியில் காதை மூடிக்கொண்ட செய்தி. இந்தத் தடவை முழுவதும் படி. அக்டோபரில் இடது மார்பில் கட்டி என்று தெரிந்தபோதே, இடது அக்குளில் ஒரு கணுவுக்கும் அது பரவியிருக்கிறது என்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் வந்தால் நெறி கட்டுமே, அந்த மாதிரிக் கணுதான். கீமோ தொடங்கும் முன்பு டாக்டர் பவ்யா ஊசி வழியாக அந்தக் கணுவுக்குள் ஒரு கிளிப் வைத்தார். எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டேன். "மருந்துல இது சுருங்கிடுச்சுன்னா, அப்புறம் இத்தனை கணுவுல எது நோய் வந்ததுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? அதுக்கு அடையாளம்" என்றார்.

அன்னம், அது சுருங்கிவிட்டது! போன வாரம் ஸ்கேனில் பார்த்தார்கள். புளியங்கொட்டை அளவு இருந்தது இப்போது மற்றக் கணுக்களோடு வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆபரேஷன் அன்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்தக் கிளிப் வரைக்கும் ஒரு மெல்லிய கம்பியை விடுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னக் கீறல் வழியாகப் போய், அந்தக் கணுவையும் அதோடு முதலில் வருகிற இரண்டு மூன்று கணுக்களையும் மட்டும் எடுப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் மிச்சத்தைத் தொடமாட்டார்கள்.

"மிச்சத்த வுட்ருவாங்களா?" என்று கத்தினாயே, அங்கேதான் நம் சண்டை ஆரம்பித்தது. "கைய காப்பாத்திகினு உசுர வுடப் போறியா?" என்றும் கேட்டாய். 

அக்குளில் இருக்கிற எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் சிலருக்குக் கை வீங்கிவிடும், தோள் இறுகிவிடும். உன் குப்பம்மாக்காவுக்கு ஆனது போல. என் இடது கைதானே வண்டியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது? பிடி தளர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும். அந்தக் கையில் பலம் இல்லை என்றால் மெடிக்கல் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிட்டு ஏதாவது ஒரு மேஜையில் உட்காரவைப்பார்கள். சம்பளம் வரும், இளங்கோவும் சம்பாதிக்கிறார், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் வில்லிவாக்கத்து வளைவில் வெயில் கண்ணாடி முழுக்க வந்து விழும்போது வண்டி என் கையில் இருக்கவேண்டும். எனக்கு அது வேண்டும் அன்னம். இதை ஆசை என்று சொன்னாலும் சரி, திமிர் என்று சொன்னாலும் சரி.

ஏப்ரலில் ஆபரேஷன். நீ பக்கத்தில் இருக்கவேண்டும். எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் போடு.

உன்
மோகனப்பிரியா


பட்டாபிராம்
18 மார்ச் 2025

அன்புள்ள மோகனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வினோத் அதை டூட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற லாபியில் எல்லோருக்கும் எதிரில் நீட்டி, "அக்கா, உங்களுக்கு லவ் லெட்டர்" என்றான். முதுகில் ஒன்று வைத்தேன்.

கீமோ முடிந்ததில் மனசு நிறைந்தது. திருவேற்காட்டு அம்மனுக்குப் புடவை சார்த்துவதாக வேண்டியிருந்தேன், சார்த்திவிட்டேன். பிரசாதம் வினோத்திடம் கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் தின்றுவிடாமல் உன்னிடம் வந்து சேர்ந்தால் அதுவும் அம்மன் கருணைதான்.

உன் இடத்தில் பரந்தாமன் சார் வருகிறார். தங்கமான மனிதர். ஆனால் நான் கிளம்பலாம் என்று இரண்டு மணி அடித்தால், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முருகா என்று சொல்லி, அதன்பிறகுதான் திருப்பி இரண்டு அடிக்கிறார். நீயாக இருந்தால் என் கை பொத்தானை விட்டு எடுக்கும் முன் பதில் வந்துவிடும். பத்து வருஷம் வண்டியின் இரண்டு கோடியில் நின்றுகொண்டு நாம் மணியில்தானே பேசிக்கொண்டோம்? நீ அடிக்கிற விதத்திலேயே அன்றைக்கு இளங்கோவோடு சண்டையா சமாதானமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை முழுவதும் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். படித்தும் என் மனசு ஒப்பவில்லை. குப்பம்மாவுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது டாக்டர்கள் அக்குளைச் சுத்தமாக வழித்துவிட்டார்கள். அவள் இடது கை என் தொடை பருமனுக்கு இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கக் கை தனியாகத் தைக்கவேண்டும். குடம் தூக்க முடியாது, தோசைக்கல்லைத் தூக்க முடியாது. ஆனால் இருக்கிறாள். இதை நான் எழுதும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு வில்லியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளோடு அதே வார்டில் படுத்திருந்த இரண்டு பேர் இன்றைக்கு இல்லை. அந்த வீங்கின கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அப்பாடா, என் அக்கா இருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

நீ என்னடா என்றால் கம்பி, கிளிப், சின்னக் கீறல் என்று பொம்மைக் கடையில் நிற்கிற குழந்தை மாதிரி குதிக்கிறாய். விட்டுவைக்கிற கணுவில் ஒன்றில் ஒளிந்திருந்தால்? வில்லிவாக்கத்து வெயிலை நீ மேஜையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்ளலாம். நீயே இல்லையென்றால் நான் யாருக்கு மணி அடிப்பேன்?

என் பதில் ஒற்றை மணி. நில். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லு.

கோபத்தோடும் பிரியத்தோடும்
அன்னம்மாள்

மறுகுறிப்பு: நம்பரை இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன்.


கள்ளிக்குப்பம்
30 மார்ச் 2025

அன்பு மிகுந்த அன்னத்துக்கு,

பிரசாதம் வந்தது. பாதிதான் வந்தது. வினோத்திடம் கேட்டதற்கு, "அக்கா, பொட்டலமே சின்னது" என்று சத்தியம் செய்கிறான்.

உன் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக டாக்டர் பவ்யாவிடம் போனேன். உன் கேள்வியை உன் கோபத்தோடு கேட்டேன். விட்டுவைக்கிற கணுவில் ஒளிந்திருந்தால்? அவருக்கு நம்மை விட வயது குறைவுதான் போல, ஆனால் பொறுமையானவர். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். நான் அந்தப் படத்தை நம் பாஷையில் உனக்குச் சொல்கிறேன்.

மார்பை ஆவடி என்று வைத்துக்கொள். நோய் அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் கிளம்புகிறது. லோக்கல் வண்டி என்றால் முதலில் அண்ணனூரில் நிற்கும், பிறகு திருமுல்லைவாயல், பிறகு அம்பத்தூர். அண்ணனூரில் யாருமே இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் கொரட்டூரிலும் இறங்கியிருக்க மாட்டார்கள். அதனால் முதல் ஸ்டேஷன்களை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் போதும். ஒரு நிற மருந்தை ஊசியில் போட்டால் அது முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடுமாம்.

நீ உடனே என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "அண்ணனூர்ல நிக்காத ஃபாஸ்ட் வண்டியும் ஓடுதே, அதுக்கு இன்னா பண்ணுவாங்க?" நானும் அதையேதான் கேட்டேன்! டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க டிரைவர்தானே? நிச்சயமா?" என்றார். பிறகு மழுப்பாமல் சொன்னார். அப்படியும் நடப்பதுண்டு. அதனால்தான் அவர் முதல் ஸ்டேஷனை மட்டும் நம்புவதில்லை. நோய் இறங்கினது எங்கே என்று முதலிலேயே தெரிந்த ஸ்டேஷனில் கிளிப் வைத்திருக்கிறார், அதையும் கட்டாயம் எடுப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷனும் கொடுப்பார். எல்லோருக்கும் இது பொருந்தாது, நிறையக் கணுக்களில் பரவியிருந்தால் முடியாது, உங்களுக்கு ஒன்றுதான் இருந்தது, அதுவும் மருந்துக்குப் பணிந்துவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன் என்றார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே ஒரு பெயரும் கொடுத்தார். இளங்கோ கூட்டிக்கொண்டு போனார். அவரும் இதையேதான் சொன்னார்.

இன்னொன்றையும் கேள். எடுத்த கணுக்களில் நோய் மிச்சம் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கை போனால் போகட்டும். எனக்கு ஸ்வாதி கல்யாணத்தில் சீப்பு சீப்பாக வாழைப்பழம் எடுத்து வைக்கவேண்டும், உன் ரிட்டையர்மென்ட் அன்று உனக்கு மாலை போடவேண்டும். நான் உயிரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை அன்னம். இரண்டுமே கிடைக்கக்கூடும் என்று ஒருவர் சொல்லும்போது எனக்குக் குதிக்காமல் இருக்க முடியவில்லை.

குப்பம்மாக்காவிடம் இதைப் பற்றிப் பேசினாயா? பேசியிருக்க மாட்டாய். அவர் கையை வைத்து நீ வாதாடுகிறாய், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். நான் சிக்னலில்தான் நிற்கிறேன்.

உன்
மோகனா


கள்ளிக்குப்பம்
17 ஏப்ரல் 2025

அன்னத்துக்கு,

நீ வரவில்லை, எழுதவும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உன்மேல் எனக்கு வருத்தம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும், வருத்தம் காணாமல் போய்விடும்.

முதலில் கம்பி விடுவதற்கு ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து இல்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தலையணையில் வைத்து, "எது நடந்தாலும் அசையக்கூடாது" என்றார்கள். திரை எனக்கு நேர் எதிரில் இருந்தது. இருட்டு அறை, கறுப்புத் திரை, அதில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நகர்கிறது. மழை ராத்திரியில் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஊசி மெல்ல மெல்ல உள்ளே போகிறது, ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. டாக்டர் பவ்யா ஸ்கேன் டாக்டரிடம், "கிளிப் எங்க, கிளிப் எங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது.

திடீரென்று திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி!

என்ன செய்தேன் தெரியுமா? பதினைந்து வருஷப் பழக்கம். வலது கை தானாக மேலே போய்விட்டது. விரலை நீட்டி, தொண்டை கிழிய, "கிரீன்!" என்று கத்திவிட்டேன்.

அறையே அதிர்ந்தது. நர்ஸ் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. நான் திரும்பினதில் ஊசியும் திரும்பிவிட்டது, திரையில் எல்லாம் கலைந்துவிட்டது. "என்னங்க பண்றீங்க? அசையாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று டாக்டர் பவ்யா அலறினார். எனக்கு உயிரே போய்விட்டது. "சிக்னல் பாத்தா கை காட்டி சத்தமா சொல்லணும் மேடம், அது எங்க ரூலு" என்றேன். ஸ்கேன் டாக்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ஊசியை வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து தேடினார்கள். இப்போதுதான் கேட்கவேண்டும். அந்தப் பளிச்சென்ற புள்ளி கிளிப்பே இல்லை! பக்கத்துக் கணுவில் ஏதோ சுண்ணாம்புத் துளி மாதிரி படிந்திருந்ததாம். உண்மையான கிளிப் அதற்குக் கொஞ்சம் கீழே, ஆழத்தில், சாதுவாக உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்து லைன் சிக்னலைப் பார்த்து கிரீன் சொல்லியிருக்கிறேன் அன்னம்! வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. டாக்டரிடம் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டார். எடுத்த கணுவை எக்ஸ்ரேயில் வைத்துக் கிளிப் உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தையல் போடுவார்களாம், அதனால் எப்படியும் தெரிந்திருக்கும். "ஆனா கம்பிய இன்னொரு தடவ விடவேண்டியிருந்திருக்கும். நீங்க கத்துனது ஒரு வகையில நல்லதுதான். அதுக்காக இன்னொரு தடவ கத்தாதீங்க" என்றார்.

பிறகு மயக்கம் கொடுத்து மார்புக் கட்டியையும், கிளிப் வைத்த கணுவையும், அதோடு மூன்று கணுக்களையும் எடுத்தார்கள். அக்குளில் என் சுண்டுவிரல் நீளத்துக்குத் தையல். ஆபரேஷன் நடக்கும்போதே அவசரமாகப் பார்த்ததில் நோய் தெரியவில்லை, ஆனால் முழு ரிப்போர்ட் வந்தால்தான் நிச்சயம் என்றார்கள். அது வருகிற ஐந்தாம் தேதிக்குள் வரும். அதில் வேறு மாதிரி வந்தால் மறுபடி படுக்கவேண்டும்.

வலது கையால் இதை எழுதிக்கொண்டு இடது கையால் காபி டம்ளரைப் பிடித்திருக்கிறேன். கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் பிடிக்கிறது. இதைப் பார்க்க நீ இங்கே இல்லையே என்று ஆத்திரமாக வருகிறது.

மோகனா


பட்டாபிராம்
23 ஏப்ரல் 2025

என் தங்கம் மோகனாவுக்கு,

பதினொன்றாம் தேதி நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். லீவு கேட்டால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. பயந்துகொண்டு டூட்டிக்குப் போனேன். அன்றைக்கு வில்லிவாக்கத்தில் கூட்டமெல்லாம் ஏறினபிறகு நான் இரண்டு மணிக்குப் பதில் ஒரு மணி அடித்துவிட்டேன். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவை. பரந்தாமன் சார் ஒரு மணியைத் திருப்பி அடித்துவிட்டு அசையாமல் நின்றார். நானும் அவர் ஏன் கிளம்பவில்லை என்று அப்படியே நின்றேன். ஆபீஸ் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி என் பரம்பரையையே இழுத்தார்கள். அப்போது நேரம் என்ன என்று பார்த்தேன், நீ உள்ளே இருக்கிற நேரம்.

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் உட்கார்ந்து படித்தேன். "கிரீன்!" என்ற இடத்தில் என்னை அறியாமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். குப்பம்மா உள்ளேயிருந்து, "இன்னாடி, தனியா சிரிச்சிகினு கீற?" என்று வந்தாள். வேறு வழியில்லாமல் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பழைய கடிதங்களையும் படி என்றாள். படித்தேன். நான் உனக்கு என்ன பதில் எழுதினேன் என்று கேட்டாள். ஒற்றை மணி என்று எழுதினதைச் சொன்னேன்.

அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாடி அன்னம், என் கைய ஊரு பூரா காட்டிகினு கீற? கை வீங்கினதாலதான் நான் பொயச்சேன்னு உனுக்கு யாரு சொன்னா? கட்டிய எடுத்தாங்க, மருந்து ஏத்துனாங்க, பொயச்சேன். அப்ப எனுக்கு இருந்த வழி அது ஒண்ணுதான். கை, அதுக்கு நான் குடுத்த கூலி. அந்தப் பொண்ணுக்குக் கூலி கம்மியா கேக்குறாங்கோ. உனுக்கு ஏன்டி வவுறு எரியுது?"

 அவள் விடவில்லை. "உனுக்கு பயம். எனுக்கு வந்தப்போ ராத்திரி எல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு இருந்தியே, அந்தப் பயம் இன்னும் உன்ன வுடல. அத அவ தலைல கட்டாத" என்றாள். மோகனா, எட்டு வருஷமாக அவள் கையைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தக் கை வலிக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். தினமும் வலிக்கிறதாம். மழைக்காலத்தில் அதிகமாம்.

பிறகு பீரோவைத் திறந்து ஒரு வளையலை எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிப் போட்ட ஜோடியில் ஒன்று. வலது கையில் ஒன்றைப் போட்டிருக்கிறாள், இடது கையில் ஏறாமல் எட்டு வருஷமாக இது பீரோவில் கிடக்கிறது. "அவ கைல போட்டுப் பாரு. ஏறிச்சின்னா அவளே வச்சிக்கட்டும்" என்றாள். நான் வேண்டாம் என்றேன். என்னை முறைத்த முறைப்பில் வாங்கிக்கொண்டேன்.

நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் இதை எழுத்தில்தான் சொல்லவேண்டும். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது நானும் வருவேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லதாக வந்தாலும் வருவேன், வேறு மாதிரி வந்தாலும் அங்கேயேதான் இருப்பேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், பயத்தோடேயே வருகிறேன்.

உன்
அன்னம்


கள்ளிக்குப்பம்
24 ஆகஸ்ட் 2025

என் கார்டு அம்மாவுக்கு,

தினமும் போனில் பேசிக்கொண்டு எதற்கு இப்போது கடிதம் என்று கேட்பாய். முக்கியமான விஷயம் எழுத்தில் வரவேண்டும் என்று நீதானே சட்டம் போட்டாய்?

பாஸ்! பாஸ்! பாஸ்!

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஸ்வாதியைத் தூக்கிச் சுற்றிவிட்டு வந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தூக்குகிறாயே என்று இளங்கோ திட்டுகிறார். இரண்டு கையாலும் தூக்கினேன் என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

ரிப்போர்ட் வாங்கின அன்று டாக்டர் பவ்யா, "நாலு கணுவிலும் நோய் இல்ல, இனிமே அக்குள்ல கை வைக்க வேண்டாம்" என்று சொன்னதும், நீ அவர் மேஜையில் இரண்டு தட்டு தட்டினாயே, அதை அவர் போன வாரம்கூடக் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் டிஷ்யூப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளினார். ரேடியேஷனில் தோல் கறுத்தது இப்போது வெளுத்துவருகிறது. மாத்திரை இன்னும் பல வருஷம் போடவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டவேண்டும். காட்டுகிறேன்.

நேற்று மெடிக்கலில் இடது கையை மேலே தூக்கச் சொன்னார்கள், பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள், ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். டேப் வைத்து இரண்டு கையையும் அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. அந்த டாக்டர் என் கையைப் பார்த்து, "வளையல கழட்டிட்டுக் காட்டணும்மா" என்றார். கழற்றினேன். குப்பம்மாக்காவின் வளையல் அன்னம். மே மாதம் நீ போட்டுவிட்டதிலிருந்து தினமும் காலையில் அதைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறேன், எங்கேயாவது இறுக்குகிறதா என்று. ஒரு நாளும் இறுக்கவில்லை.

லோகோ இன்ஸ்பெக்டர் கூட உட்கார்ந்து வருகிற வாரம் முழுக்க ஓட்டிக் காட்டவேண்டும். செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, தனியாக வண்டி கொடுத்திருக்கிறார்கள். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கிலிருந்து காலையில் சென்ட்ரல் போகிறதே, அந்த வண்டி. பின்னால் யார் கார்டு என்று இன்னும் போடவில்லை.

இதுதான் என் விண்ணப்பம். நீ வா. பரந்தாமன் சாரை விட நான் வேகமாகத் திருப்பி அடிப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார்மேன் மோகனப்பிரியா
(மேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதினேன்.)


பட்டாபிராம்
29 ஆகஸ்ட் 2025

மோட்டார்மேன் மோகனப்பிரியா அவர்களுக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. என் டூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டேன். அதற்காகக் கிருபாகரனுக்குப் பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் டூட்டிக்குப் போகவேண்டும். பரவாயில்லை.

குப்பம்மாவுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. திங்கட்கிழமை அவளும் அந்த வண்டியில் சென்ட்ரல் வரைக்கும் வருகிறாளாம். சென்ட்ரலில் என்ன வேலை என்று கேட்டேன். "ஒரு வேலையும் இல்ல, போய்ட்டு வர்றேன்" என்கிறாள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாள். மணியை நான் அடிக்கட்டுமா என்று வேறு கேட்கிறாள். விதிப்படி என் கேபினில் யாரையும் ஏற்ற முடியாது, அக்காவாக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு முன்னால், உன் கேபினை ஒட்டின பெண்கள் பெட்டியில் ஏறப்போகிறாள். நீ மணி அடிக்கிற சத்தம் அங்கே கேட்குமாம்.

அன்றைக்கு எனக்கு எழுத வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நான் உன்னை நில் என்றேன். நீ நிற்காமல் போனாய். நல்லவேளை போனாய்.

திங்கட்கிழமை பிளாட்பாரத்தை ஒரு தடவை முழுவதும் பார்த்துவிட்டு நான் இரண்டு மணி அடிப்பேன். உடனே திருப்பி அடி. அழுதுகொண்டு உட்கார்ந்திருக்காதே, ஆபீஸ் போகிறவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

உன்
அன்னம்